அலுமாரிக்கு மேலிருந்த மூன்று தொப்பிகள்: புளியந்தீவில் நடந்த ஒரு திருத்த வேலை

மட்டக்களப்பின் புளியந்தீவில், போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் வீடு ஒன்று. மாரி விட்டு மாசி பிறந்ததும் அலுமாரிக்கு மேலிருந்து இறக்கிய அட்டைப் பெட்டிக்குள் மூன்று தொப்பிகள் இருந்தன. முதலாவது, வீட்டு அப்பப்பா கோயிலுக்குப் போட்டுப்போன மண்ணிற ஃபெல்ட் தொப்பி. இரண்டாவது, ஓலைப் பின்னலைச் சுற்றிச் சுற்றித் தைத்த வெயில் தொப்பி. மூன்றாவது, கல்யாணப் பூசைக்குப் பெண்கள் தலையின் ஒரு பக்கமாகச் சாய்த்துக் குத்தும், இறகும் வலையும் வைத்த சிறிய தலையணி. கடைகளில் அதை ஃபாசினேட்டர் என்றுதான் கேட்க வேண்டும். உயிர்த்த ஞாயிறு கழிந்து அந்த வீட்டில் கல்யாணம். தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் வேலைக்கு ஏழெட்டு வாரம் இருந்தது. இந்த அவகாசம் பெரிய உதவி, ஏனென்றால் பூச்சியைக் கொல்லும் வேலைக்கு மட்டுமே இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டும்.

மட்டக்களப்பில் தொப்பியைக் கெடுப்பது வயது அல்ல, இரண்டு காற்று. வாடை வீசும் மாரியில் காற்றின் ஈரம் பல நாட்களுக்கு 70 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். அந்த அளவு ஈரத்தில் பூஞ்சணம் தானாகப் பிடிக்கும். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது கூரைக்குக் கீழே சூடு ஏறி, ஓலையும் தோலும் காய்ந்து முறியும். இதோடு கடலும் வாவியும் தரும் உப்புக் காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். பெட்டியிலிருந்த மூன்றிலும் இந்த மூன்று சேதமும் இருந்தன. நாலாவது சேதம் மனிதர் செய்தது: ஓலைத் தொப்பியை ஒருமுறை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்திருக்கிறார்கள், தலையணியின் கழன்ற பூவைச் சூட்டுப் பசைத் துப்பாக்கியால் ஒட்டியிருக்கிறார்கள்.

நசிந்த தொப்பியைக் கண்டதும் எல்லாரும் முதலில் கேத்தலை அடுப்பில் வைப்பார்கள். ஆவி பிடித்தால் வடிவம் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் அழுக்கு இருக்கும்போது ஆவி பிடித்தால் கறை நாருக்குள் இறங்கி நிலைத்துவிடும், பூஞ்சணத்துக்குத் தண்ணீர் ஊற்றியதாகும், சூட்டுப் பசை இளகி வழியும். ஆகவே இந்த வேலையில் ஒழுங்கு மாறக்கூடாது: காயவைத்தல், பூஞ்சணம் நீக்கல், பூச்சி கொல்லல், அழுக்கு எடுத்தல், அதன் பிறகே ஆவியும் தையலும், எல்லாவற்றுக்கும் கடைசியில் விறைப்பு.

காயவைத்தலும் பூச்சியும்

மூன்றையும் வீட்டுக்குள் நிழலில், மேசை விசிறிக்கு முன்னால் இரண்டு நாள் வைத்தால் பூஞ்சணம் தூளாகும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது நாருக்குள் தேய்ந்து, பிறகு எடுக்க முடியாத சாம்பல் நிறமாக நிற்கும். காய்ந்த பிறகு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, முகக்கவசமும் கையுறையும் போட்டு, மெல்லிய பெயின்ட் தூரிகையால் தட்டாமல் வழித்தெடுக்க வேண்டும். தூசுறிஞ்சி இருந்தால் அதன் வாயில் பழைய நைலோன் காலுறையைக் கட்டி, தூரிகைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டால் தூள் பறக்காது. கையுறை ஃபெல்ட் தொப்பிக்கு இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். முயல், பீவர் போன்ற விலங்குகளின் மயிரில் செய்த பழைய ஃபெல்ட்டைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள்; அமெரிக்காவில் அது 1941 வரை நடந்தது. எந்த ஆண்டுத் தொப்பி என்று தெரியாத இடத்தில் பாதரசம் இருக்கும் என்று எண்ணியே வேலை செய்வது நல்லது. பூட்டிய அறைக்குள் ஆவி பிடிக்கவும் கூடாது.

ஃபெல்ட்டில் நாலு ஓட்டைகள், தலையணியில் ஒரு பக்கம் கொறித்த இறகுகள். இரண்டும் துணிப்பூச்சியின் புழு செய்தவை. மயிர், இறகு, கம்பளி மூன்றும் ஒரே வகைப் புரதம் என்பதால் அதற்கு எல்லாம் ஒன்றுதான். ஓலையை அது தொடவில்லை. மருந்தடிப்பதைவிடக் குளிரில் வைப்பது நல்ல வழி. வெள்ளை டிஷ்யூத் தாளில் சுற்றி, காற்றை வெளியேற்றி, இரண்டு பொலித்தீன் பைகளில் கட்டி, மறை 18 பாகை செல்சியஸில் 14 நாள் வைக்க வேண்டும். சிறிய குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறை இந்த அளவுக்குக் குளிராது. இறைச்சி வைக்கும் டீப் ஃபிரீசர்தான் வேண்டும். வெளியே எடுத்த பின் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் அறையின் ஈரம் முழுவதும் குளிர்ந்த தொப்பியில் தண்ணீராக இறங்கும். குளிர் பூச்சியைக் கொல்லும், பூஞ்சணத்தைக் கொல்லாது, உறங்கவைக்கும் அவ்வளவுதான். பூஞ்சணத்துக்கு 70 சதவீத ஐசோப்ரோபைல் அற்ககோல். பாமசியில் 99 சதவீதம் கிடைத்தால் 70 மி.லீ.க்கு 30 மி.லீ. காய்ச்சி வடித்த நீர் கலந்தால் போதும். துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றவேண்டுமே தவிர ஊற்றக்கூடாது, ஏனென்றால் ஃபெல்ட் விளிம்பின் விறைப்புக்குப் பூசிய அரக்கு அற்ககோலில் கரையும்.

ஃபெல்ட் தொப்பி

உள்ளே அளந்தால் 55.5 செ.மீ.; போடப்போகிறவரின் தலைச்சுற்று 57 செ.மீ. தொப்பி சிறுத்ததற்குக் காரணம் ஃபெல்ட் அல்ல, உள்ளே தைத்திருந்த தோல் பட்டி. வேர்வை காய்ந்து காய்ந்து அது சுருங்கி, ஃபெல்ட்டையும் சேர்த்து உள்ளே இழுத்திருந்தது. வெளிப்புறம் விளிம்பு அலை அலையாக நின்றதற்கும் இதுதான் காரணம். இந்தப் பட்டியைக் கழற்றாமல் எவ்வளவு ஆவி பிடித்தாலும் காய்ந்ததும் பழைய இடத்துக்கே திரும்பும். பின்பக்கத் தையல் இருந்த இடத்தைச் சோக்கால் அடையாளமிட்டு, தையல் நூலை மட்டும் வெட்டி எடுத்தாயிற்று. தோல் கையில் எடுத்தபோதே வெடித்தது. வெடித்த தோலுக்கு எண்ணெய் பூசினால் எண்ணெய் ஃபெல்ட்டில் ஊறி வெளியே வட்டமாகத் தெரியும், அதனால் அந்தத் தோலை விட்டுவிடுவதுதான் சரி.

அழுக்குக்கு முல்தானி மிட்டி. எண்ணெய்க் கறை இருந்த முன்பக்கத்தில் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் தூரிகையால் எடுத்தால் போதும். சோளமாவைப் பயன்படுத்தச் சொல்வார்கள். மிஞ்சிய மா இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சணத்துக்கு உணவாகும், ஆகவே வேண்டாம். மினுங்கித் தேய்ந்த இடங்களை 400 இலக்க மட்டத்தாளால் மெல்லத் தொட்டால் நார் எழும். அப்படி எழும் தூளை வீசக்கூடாது. பட்டி மறைத்திருந்த உட்பக்கத்திலும் சிறிது தேய்த்தெடுத்துச் சேர்த்தால் ஓட்டை அடைக்க ஒரே நிறத்தில் நார் கிடைக்கும்.

நாலு ஓட்டைகளில் மூன்று 2 மி.மீ. அளவு. அவற்றில் இரண்டை வெளி றிபனை அரை செ.மீ. மேலே ஏற்றித் தைத்து மறைத்தாயிற்று. றிபனுக்குக் கீழே வராத சிறியதற்கும் 5 மி.மீ. ஓட்டைக்கும் ஒரே முறை: உட்பக்கத்தில் மெல்லிய பருத்தித் துணித் துண்டைத் துணிப் பசையால் ஒட்டி, அது காய்ந்தபின், சேர்த்த நார்த்தூளோடு இரண்டு துளி பசை குழைத்து ஊசி முனையால் வெளியிலிருந்து நிரப்பி, மேலே உலர்ந்த தூளை அழுத்துவது. பசை அதிகமானால் கறுத்த புள்ளியாக நிற்கும். உற்றுப் பார்த்தால் தெரியும், இரண்டு முழத் தூரத்தில் தெரியாது.

இனி அச்சு. தொப்பிக்கென்று மரக்கட்டை அச்சு வைத்திருப்பவர்கள் இங்கே குறைவு. பறங்கியர் குடும்பங்களில் தச்சுத் தொழில் செய்பவர்கள் பலர் என்பதால் கடைந்து வாங்கவும் முடியும், ஆனால் ஒரு தொப்பிக்கு அது வீண். எருமைத் தயிர் வாங்கிய மண்சட்டியைக் கவிழ்த்தால் அடிப்பாகம் தொப்பியின் முடிக்கு ஒத்த உருண்டை. சட்டி வட்டம், தலை நீள்வட்டம். 57 செ.மீ. தலை என்றால் ஏறக்குறைய முன்பின் 20 செ.மீ., இருபக்கம் 16 செ.மீ. ஆகவே சிறிய சட்டியாக எடுத்து, முன்னும் பின்னும் மடித்த துணியைத் தடிப்பாக வைத்து, மேலே துவாய்ப் பட்டியைச் சுற்றிச் சுற்றி நாடாவால் அளந்து 57 வரும்வரை கொண்டுவர வேண்டும். மண்ணின் நிறம் ஒட்டாதிருக்கப் பொலித்தீன் ஒரு சுற்று. உயரம் போதாவிட்டால் சட்டியை ஒரு பால்மா தகரத்தின் மேல் ஏற்றலாம்.

கேத்தல் மூக்கிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரு பகுதிக்கு 20 அல்லது 30 விநாடி. ஃபெல்ட் சூடாகி, கைக்கு மெதுவாகத் தெரியும்போது அச்சில் இழுத்து இறக்கி, அடியில் பருத்திக் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். தண்ணீர்த் துளி விழும் அளவுக்கு நனைந்தால் அதிகம். ஒன்றரை செ.மீ. விரிவை ஒரே முறையில் எடுக்க முயன்றால் முடியின் உச்சி மெலிந்து ஒளி தெரியும். இரண்டு தடவையாக எடுப்பதே முறை. கட்டியபடி விசிறிக் காற்றில் ஒரு முழு நாள், மப்பு நாளென்றால் இரண்டு நாள். சூடாக இருக்கும்போது எடுத்த தொப்பி கையிலேயே சுருங்கும். விளிம்பை மேசையில் வைத்து, ஈரப் பருத்தித் துணி போட்டு, கம்பளிச் சூட்டில் அயன் பெட்டியால் அழுத்தி அழுத்தித் தூக்க வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் விளிம்பு மீண்டும் அலையாகும்.

புதிய உட்பட்டிக்கு 2.5 செ.மீ. அகலப் பருத்தி நாடா, 57 செ.மீ. நீளமும் மடிப்புக்கு 2 செ.மீ.யும். அரை செ.மீ. இடைவெளியில் தையல்; ஊசி ஃபெல்ட்டின் பாதித் தடிப்பை மட்டும் பிடிக்க வேண்டும், வெளியே வரக்கூடாது. தோலைவிட நாடா இந்த ஊருக்கு நல்லது, வேர்வையை உறிஞ்சும், கறுத்தால் மாற்றலாம்.

விளிம்பு தளர்ந்திருந்தது. தச்சர் பொலிஷுக்கு வாங்கும் அரக்குச் செதில் 8 முதல் 10 கிராம், 100 மி.லீ. அற்ககோலில் ஓர் இரவு கரைத்து, துணியால் வடித்து, விளிம்பின் அடிப்பக்கம் மட்டும் மெல்லிய தூரிகையால் ஒரு பூச்சு. இங்கே பலர் தவறுவது போத்தலில். பூஞ்சணத்துக்குக் கலந்த 70 சதவீத அற்ககோல் இதற்கு உதவாது. நீர் இருந்தால் அரக்கு வெண்மையாகத் திரளும். ஈரமான நாளில் பூசினாலும் இதே கதி: அற்ககோல் பறக்கும்போது பரப்புக் குளிர்ந்து காற்றின் நீர் அதில் படியும், காய்ந்ததும் வெள்ளைப் படலம். வெயில் ஏறிய முற்பகலில் பூசுவதே பாதுகாப்பு. ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட் மண்ணிறத்தில் தெரியாது, வெளிர் நிறத் தொப்பியில் தெரியும்.

"கஞ்சி போட்டா விறைச்சிரும்தானே மனே?" என்பது வீட்டு அம்மம்மாவின் கேள்வி. விறைக்கும். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் கூட அதற்காகவே வரும். ஐரோப்பிய முறைகளில் சொல்லும் ஜெலட்டின் கரைசலும் இங்கே காற்றின் ஈரத்தை இழுத்து இளகும்.

தலையணி

அடித்தட்டு 14 செ.மீ. விட்டமுள்ள சினமே. இது பிலிப்பைன்சில் விளையும் அபாக்கா என்ற வாழையினத்தின் நாரில் நெய்த திறந்த வலைத்துணி. கிரீம் நிறத் தட்டின் விளிம்புக் கம்பி துருவேறி, துணி முழுக்க மண்ணிற வளையம் ஊறியிருந்தது. சூட்டுப் பசை கூரைச் சூட்டில் இளகி, பூ ஒரு பக்கம் சரிந்து, இறகுகளின் அடியையும் சேர்த்துப் பிடித்திருந்தது. வலை நசிந்து கிடந்தது.

கை வைக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுக்க வேண்டும். எந்த இறகு எந்தக் கோணம் என்று பிரித்த பிறகு யாருக்கும் நினைவிராது. பசையைச் சூடாக்கிக் கழற்றப் போனால் அது இன்னும் பரவும். 99 சதவீத அற்ககோலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுப் பசையின் ஓரத்தில் விட்டு ஒரு நிமிடம் பொறுத்தால் பிடி விடும்; பிறகு தென்னோலை ஈர்க்கைக் கூராக்கி அடியில் கொடுத்துக் கிளப்பலாம். கத்தி சினமேயை வெட்டும், ஈர்க்கு வெட்டாது. அதற்கு முன் இறகின் அடியிலும் துணியிலும் வெள்ளைப் பஞ்சால் தொட்டு நிறம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தத் தலையணியில் சிவப்பு இறகுகள் நிறம் விட்டன, கறுப்பு விடவில்லை. ஆகவே சிவப்பைச் சுற்றியிருந்த பசையை ஈர்க்கால் உலர்ந்தபடியே சிறிது சிறிதாக உடைத்தெடுக்க வேண்டியதாயிற்று.

கறுப்பு இறகுகளை அரை லீற்றர் வெதுவெதுப்பான நீரில் சில துளி குழந்தைச் ஷாம்பூ கலந்து ஒரு நிமிடம் ஆட்டி, நல்ல நீரில் அலசி, துவாயில் ஒற்றி, தலை உலர்த்தியின் குளிர்க் காற்றில் அடியிலிருந்து நுனிக்கு விரலால் நீவி உலர்த்தினால் பிரிந்த இழைகள் தாமாகக் கோத்துக்கொள்ளும். சிவப்புக்கு நீர் இல்லை, 20 செ.மீ. தூரத்தில் பத்து விநாடி ஆவி மட்டும். இறகின் வளைந்த தண்டும் அந்த ஆவியிலேயே நிமிரும். முறிந்த தண்டுக்குள் மெல்லிய செப்புக் கம்பியைச் செருகினால் எலும்புக்குச் சட்டம் வைத்தது மாதிரி நிற்கும். கொறித்தவற்றுக்குப் பதில் நாட்டுச் சேவலின் வால் இறகு. பச்சை மினுக்கத்தோடு கறுப்பாக இருப்பதால் சாயம் தேவையில்லை. அதையும் கழுவி 14 நாள் குளிரில் வைத்த பிறகே சேர்க்கலாம்.

கம்பிக்கு மாற்றுத்தான் இந்த வேலையில் யோசிக்க வைத்தது. பூக்கட்டும் கம்பியும் சாதாரணத் தொப்பிக் கம்பியும் இந்த ஊரில் மீண்டும் துருப்பிடிக்கும். மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் தடித்த தங்கூசி என்ற நைலோன் இழை துருப்பிடிக்காது. ஆனால் வளைத்த வளைவில் நிற்காது, வட்டமாகத் துள்ளி விரியும். தட்டையான வட்டத் தட்டு என்பதால் இங்கே அந்தத் துள்ளலே நன்மை. விளிம்பை மேலே கீழே வளைத்த தொப்பிக்குத் தங்கூசி சரிவராது, துருவேறாத எஃகுக் கம்பி வேண்டும். 14 செ.மீ. விட்டத்துக்குச் சுற்று 44 செ.மீ., முனைகள் ஒன்றன்மேல் ஒன்று போக 5 செ.மீ., ஆக 49. மேற்படிந்த இடத்தை நூலால் நெருக்கிச் சுற்றி, ஓரத்தில் ஒரு செ.மீ.க்கு ஒரு கொக்கித் தையலாகப் பிடித்தாயிற்று.

துருக்கறையை எலுமிச்சையும் உப்பும் போட்டு எடுக்கலாம் என்பார்கள். வெள்ளைப் பருத்தியில் எடுபடும். சாயமிட்ட நாரில் கறை போகும் இடத்தில் நிறமும் போய், மண்ணிற வளையத்துக்குப் பதில் வெள்ளை வளையம் கிடைக்கும். அதனால் கறையைத் தொடாமல், 3 செ.மீ. அகலத்தில் குறுக்குச் சாய்வாக வெட்டிய சாட்டின் துண்டால் விளிம்பைப் பொதிந்து தைத்தாயிற்று. நேர்நூலில் வெட்டிய துண்டு வட்டத்தில் சுருங்கும், 45 பாகைச் சாய்வில் வெட்டியது வளைந்து படியும்.

நசிந்த நைலோன் வலையை இரண்டு மெழுகுத் தாள்களுக்கு நடுவில் வைத்து மிகக் குறைந்த சூட்டில் ஒருமுறை அழுத்தினால் விறைப்புத் திரும்பும். ஆழமான மடிப்பு ஒன்று முழுவதும் போகவில்லை. அதன் மேல் ஓர் இறகு வரும்படி அமைத்தாயிற்று. பூ, இறகு, வலை எல்லாவற்றையும் பசையில்லாமல் பொலியெஸ்டர் நூலால் தைத்தாயிற்று. ஒவ்வொரு இறகுத் தண்டுக்கும் மூன்று இடத்தில் பிடிப்பு. சினமே திறந்த நெசவு என்பதால் தையல் கண்ணுக்குப் படாது. சூட்டுப் பசையில் கட்டிய தலையணி வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மத்தியானத்தைத் தாங்காது. அடித்தட்டு இன்னும் தொய்வாகத் தெரிந்ததால் ஒரு பங்கு வெள்ளைப் பசைக்கு நாலு பங்கு நீர் கலந்து அடிப்பக்கம் ஒரு பூச்சு. செத்துப்போன இலாஸ்ரிக்குக்குப் பதில் 2 மி.மீ. உருண்டை இலாஸ்ரிக் 35 செ.மீ., காதுக்குப் பின்னால் முடிக்கு அடியில் போகும்படி.

ஓலைத் தொப்பி

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தைத்த நூல் உக்கி, பின்னல் நாலு இடத்தில் பிரிந்து, விளிம்பில் 4 செ.மீ. துண்டே இல்லை. காய்ந்த ஓலையை நேரே நிமிர்த்தினால் முறியும். ஈரத் துணி சுற்றிப் பொலித்தீனில் ஆறு மணி நேரம் வைத்து, இளகியபின் உள்ளிருந்து விரலால் தள்ளி முடி நிமிர்த்தப்பட்டது. இரவு முழுக்க வைத்தால் விடியும்போது பூஞ்சண மணம் வரும். பிரிந்த பின்னலைப் பருத்தி நூலால் பழைய ஊசித் துளைகளிலேயே தைத்து, இல்லாத இடத்துக்குப் பனங்குருத்தோலைச் சார்வைப் பின்னி வைத்தோம். நிறம் ஒத்துவராது, பழைய ஓலை தேன் நிறம், புதியது வெண்மை. கோயிலுக்குப் போடும் தரம் திரும்பாது. வீட்டுத் தோட்டத்துக்கு இரண்டு மூன்று வருடம் வரும். இதற்கு மேல் நேரம் செலவிடுவது வீண்.

திரும்ப வைத்தல்

அலுமாரியின் மேல் இனி வேண்டாம், கூரைச் சூடு நேரே இறங்கும் இடம் அது. மூடி இறுகும் 20 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி நல்லது, உள்ளே போவது முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும். இல்லாவிட்டால் ஈரத்தைப் பூட்டி வைத்ததாகும். துணிப்பையில் 100 முதல் 150 கிராம் செம்மஞ்சள் சிலிக்கா ஜெல்; அது பச்சையானதும் 110 முதல் 120 பாகை அவனில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் நிறம் திரும்பும். ஃபெல்ட் தொப்பியைக் கவிழ்த்து, முடி கீழே விளிம்பு மேலே இருக்கும்படி, உள்ளே கஞ்சி போடாத வெள்ளைத் துணி அடைத்து வைக்க வேண்டும். பத்திரிகைத் தாள் கூடாது, மை ஒட்டும். நப்தலீன் உருண்டை தலையணியின் பிளாஸ்ரிக் மணிகளை இளக்கும். வேப்பிலை பூச்சியைக் கொல்லாது, காயாத இலை ஈரத்தையும் கொண்டுவரும். ஐப்பசி தொடங்கித் தை வரை மாதம் ஒருமுறை திறந்து, உட்பட்டியின் மடிப்பையும் இறகின் அடியையும் பார்க்க வேண்டும். புழு முதலில் ஒளிவது அங்கேதான்.

கல்யாண நாளில் மழை பிடித்தால், ஃபெல்ட்டை உதறி, உட்பட்டியை வெளியே திருப்பி, அந்தப் பட்டியின் மேல் தொப்பியை நிறுத்தி விசிறியில் காயவிட வேண்டும். தலை உலர்த்தியும் வெயிலும் பிடித்தால் மீண்டும் சுருங்கும். தலையணி நனைந்தால் இறகை மட்டும் துவாயில் ஒற்றி, வலையைத் தொடாமல் தொங்கவிட வேண்டும். சிவப்பு இறகு கிரீம் சாட்டினில் முட்டாதபடி நடுவில் ஒரு டிஷ்யூத் தாள் வைக்க மறக்கக் கூடாது.